உப்பு போடாத கை

அண்ணி இந்த வீட்டுக்கு வாழ வந்து பதினாறு வருடம் ஆகிறது. வந்த மூன்றாம் நாளே நாத்தனார் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டாள்: உப்பளம். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. மற்றவர்கள் சிட்டிகை போடும் இடத்தில் அண்ணி அள்ளிப் போடுவாள். போட்ட பிறகு கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடுவாள். இத்தனைக்கும் அவள் சமைத்ததைச் சாப்பிட்ட யாரும் தட்டை வழிக்காமல் எழுந்ததில்லை. அது நாத்தனாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பெயர் வைத்தாள். குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் அப்புறம் நாத்தனார் என்ற உறவுக்கு என்ன மரியாதை இருக்கிறது?

அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அண்ணி ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. நாத்தனார் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களை எல்லாம் ஓட ஓட விரட்டிவிட்டு, அண்ணன் வீட்டுப் பின்னறையில் ராணி மாதிரி இருந்தாள். மூவருக்கும் ஒரே சமையலறை, ஒரே சாப்பாட்டு மேஜை.

போன வருடம் ஒரு மத்தியானம் கேன்டீன் அடுப்படியில் அண்ணி சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் எண்ணை நம்பாமல் மறுபடி ஒரு தடவை பார்த்தார். உப்பைக் குறைத்தால் போதாது, விடவேண்டும் என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்ளும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். உப்பளத்தைப் பார்த்து உப்பை விடச் சொன்னால் எப்படி இருக்கும்? நாத்தனாருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் உணர்ச்சிவசப்பட்டு உப்பு ஜாடியையே தூக்கிப் பரண்மேல் போட்டார். மறுநாளே அண்ணி அதை எடுத்து வரச் சொன்னாள். எனக்குத்தானே பத்தியம், நீங்கள் ஏன் வாய் கட்டவேண்டும் என்று இரண்டு சட்டி வைத்தாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவர்களுக்கு. அவர்கள் சட்டியை ருசி பார்க்கிற வேலை நாத்தனாருக்கு வந்தது. பதினாறு வருடமாக உப்பு ஜாஸ்தி, உப்பு ஜாஸ்தி என்று சொன்ன வாய், இப்போது தினமும் அடுப்பருகே நின்று "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்று கேட்டது. விதி யாரைத்தான் விட்டது.

முதல் இரண்டு வாரம் அண்ணி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தட்டைப் பார்த்தாலே கண் கலங்கும். ஒருநாள் நாத்தனார் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தபோது அண்ணி குழாயடியில் குந்தி உட்கார்ந்து ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள். பார்த்தால், உப்புக்கடலை. தையல் மிஷின் டிராயரில் ஒளித்து வைத்திருந்த பொட்டலம். ஆசை தாங்காமல் எடுத்துவிட்டு, பிறகு மனசு கேட்காமல் ஒவ்வொரு கடலையாகத் தண்ணீரில் காட்டி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டதும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அண்ணியின் கண்ணில் வந்த தண்ணீர் எல்லாமே சிரிப்பில் வந்தது இல்லை. அது நாத்தனாருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவளும் வெளியே உப்புக்கடலை வாங்குவதை விட்டுவிட்டாள்.

நாற்பதாவது நாளோ என்னவோ, அண்ணி ஒரு பச்சைக் கேரட்டைக் கடித்தவள் சட்டென்று நிறுத்தினாள். நாத்தனாரை முறைத்தாள்.

"இதுல யாரு உப்பு போட்டது?"

விளையாட்டுக்குச் செய்துவிட்டாளோ என்ற சந்தேகம். நாத்தனார் வாங்கிக் கடித்துப் பார்த்தாள். கேரட்டுதான். அவள் வாய்க்கு அது தண்ணீரும் நாரும் கலந்த மாதிரி இருந்தது. அண்ணி மறுபடி ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றாள். இத்தனை வருஷமும் நாக்கு தூங்கிவிட்டது, இப்போதுதான் முழித்திருக்கிறது என்றாள். அன்றிலிருந்து அவளுக்குச் சமையலே புதிதாகிவிட்டது. வெங்காயத்தை அடி பிடிக்கும் எல்லைவரை வதக்கினாள். தக்காளியை அரைமணி நேரம் சுண்டவிட்டாள். மிளகை வறுத்து இடித்தாள், எலுமிச்சைத் தோலைத் துருவினாள், பூண்டைத் தணலில் சுட்டாள். ஒவ்வொன்றையும் முதன்முதலாகத் தின்கிறவள்போலத் தின்றாள். மூன்று மாதத்தில் டாக்டரின் எண் இறங்கியது. முகத்து வீக்கமும் வடிந்து கல்யாண போட்டோவில் இருந்த தாடை திரும்பி வந்துவிட்டது என்று அண்ணன் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் முழித்த நாக்கு கேன்டீனில் வினையாகிவிட்டது. அவள் வாய்க்குச் சரியாக இருந்தது சாப்பிடுகிறவர்களுக்கு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. புகார் மேல் புகார். பக்கத்தில் இருப்பவளை ருசி பார்க்கச் சொல்லிப் போடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். மேனேஜர் ஒப்பவில்லை. சமையல்காரி நீயா, அவளா என்றார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சட்டி. எல்லாவற்றையும் பழையபடி உப்போடு நக்கிப் பார்த்துப் போடு, இல்லையென்றால் நின்றுகொள் என்றார். அண்ணி ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதைக் கேட்ட அன்று நாத்தனாருக்கு உப்பளம் என்று கூப்பிட வாய் வரவில்லை. மனுஷி என்றால் இவள் மனுஷி என்று தோன்றியது.

தோன்றினால் ஆச்சா, வேலை வேண்டுமே. இரண்டு மாதம் ஓடியது. மேனேஜர் ஆள் அனுப்பினார்: வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் ருசி பார்க்கவேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் போய்த்தான் ஆகவேண்டும் என்று அண்ணி சொன்ன அன்றுதான் நாத்தனார் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தாள்.

அங்கே இதய வார்டுக்குத் தனிச் சமையலறை. உப்பே இல்லாத சமையல். ஒரே வருடத்தில் மூன்று சமையல்காரர்கள் வந்து போய்விட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. நாத்தனாருக்கு அது தினசரி வேலை. போன தட்டு போனபடியே திரும்பும். அவள்தான் வழித்துக் கொட்டவேண்டும். காலித் தட்டுகள் என்றால் வண்டி கடகடவென்று சத்தம் போடும். சோறு நிறைந்த தட்டுகள் சத்தம் போடாது. பதினோரு வருடமாக அந்த வார்டிலிருந்து அவள் வண்டி ஊமையாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அண்ணியைப் பற்றிச் சொன்னதும் டயட்டீஷியன் அம்மா ஒரே ஒரு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் காட்டச் சொன்னார். வார்டில் முப்பத்திரண்டு கட்டில். பாதித் தட்டாவது காலியாக வந்தால் வேலை, இல்லாவிட்டால் நன்றி, வணக்கம். அண்ணி சரி என்றாள். இது போனால் கேன்டீன், கேன்டீன் என்றால் உப்பு, உப்பு என்றால் டாக்டர் சொன்ன அந்த இன்னொரு தடவை. வீட்டில் மூவருக்கும் அது தெரியும்.

அன்று அண்ணி விடியற்காலையிலேயே வந்து வெங்காயம் வதக்க ஆரம்பித்துவிட்டாள். சோறு, பருப்பு, வேகவைத்த காய், ஒரு பெரிய சட்டி சூப். வாசனை மாடிப்படி ஏறிப் போனது. ஆனால் நாத்தனாருக்கு நம்பிக்கை வரவில்லை. வாசனை எத்தனை நாளைக்கு ஆளை ஏமாற்றும்? வாயில் வைத்ததும் முகம் சுளிப்பதைத்தான் அவள் தினமும் பார்க்கிறாளே. அதனால், சொல்லவே வாய் கூசுகிறது, பார்வையாளர் டீக்கடையிலிருந்து நாலு உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பெரிய சட்டிக்கு நாலு பொட்டலம் என்ன பெரிய உப்பு என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

டயட்டீஷியன் அம்மா கூப்பிட்டதால், சூப் சட்டியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அண்ணி போனாள். சமையலறையில் வேறு ஆள் இல்லை. நாத்தனாரின் கை பைக்குள் போனது. போன கைக்கு ஒரு பொட்டலம் அகப்பட்டது. அப்போது என்னவோ பன்னிரண்டாம் கட்டில் லாரி டிரைவரின் கால் நினைவுக்கு வந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால். நர்ஸ் விரலால் அழுத்திப் பார்த்தால் குழி விழும். நாத்தனார் பக்கத்துக் கட்டிலுக்குத் தட்டு வைத்துவிட்டுத் திரும்பும்வரை அந்தக் குழி அப்படியே இருக்கும். உப்புதான் அப்படிச் செய்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் கையை வெளியே எடுத்து, கரண்டியைப் பிடித்துச் சூப்பைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

வண்டியைத் தள்ளிப்போய்ப் பரிமாறிவிட்டுக் கீழே வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. சமையலறை போன் அடித்தது. பன்னிரண்டாம் கட்டில்காரர் ஒரு வாய் சூப் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். உப்பு போட்டிருக்கிறார்கள், என்னைக் கொல்லப் பார்க்கிறார்களா என்று கத்துகிறாராம். இந்த வாரம் கால் வீக்கம் வடிந்தால் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று டாக்டர் சொல்லியிருக்க, மனுஷனுக்குக் கோபம் வராதா? நர்ஸ் பயந்துபோய் வார்டு முழுக்கச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

டயட்டீஷியன் அம்மா பேனா மாதிரி இருந்த உப்பு அளக்கும் கருவியோடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. சட்டிக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார்.

நாத்தனார் பேசாமல் இருந்தால் பையில் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பழி அண்ணிமேல் விழும். பையிலிருந்து நாலு பொட்டலத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"கொண்டு வந்தது நான்தாம்மா. போடல. போட மனசு வரல."

அண்ணி பொட்டலங்களைப் பார்த்துவிட்டுச் சூப் சட்டியின் மூடியைத் திறந்துவைத்தாள். டயட்டீஷியன் அம்மா கருவியைச் சூப்பில் விட்டார். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார், பருப்பில் விட்டார், காயில் விட்டார். காய்கறியில் இயல்பாக இருப்பதைத் தவிர ஒரு பொட்டு உப்பு இல்லை. தானே ஒரு வாய் குடித்தும் பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் உப்பு இல்லையே, அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று குழம்பினார்.

அவர் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று அண்ணி கேட்டாள். நாற்பது நாளுக்கு மேல் என்றார் டயட்டீஷியன் அம்மா.

"அதாம்மா. அவருக்கும் நாக்கு முழிச்சிருக்கு," என்றாள் அண்ணி. "எனக்குக் கேரட்டே உப்பாத்தான் தெரிஞ்சுது."

டயட்டீஷியன் அம்மா கருவியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். போனை எடுத்து, சாப்பிடலாம் என்று வார்டுக்குச் சொன்னார். ஆறியதைச் சூடாக்கி மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, பொட்டலங்களைத் தொடாமலே போனார்.

சூப் சூடாகிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் தலையைத் தூக்கவே இல்லை.

"உன் பை காலைலேருந்து சலசலங்குதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அண்ணி.

"தெரிஞ்சுமா சட்டிய என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?"

"பதினாறு வருஷமா என் சமையலைக் குறை சொல்ற. ஒரு நாளாவது என் சட்டியில கை வச்சிருக்கியா?"

நாத்தனாருக்கு இந்த மனுஷியை எத்தனை சுலபமாக எடைபோட்டு வைத்திருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

பன்னிரண்டாம் கட்டிலில் லாரி டிரைவரிடம் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அவர் இன்னும் அரை மனதோடுதான் கிண்ணத்தை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு நிமிரவே இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, உப்பு போடாமலா இப்படிச் சமைத்தார்கள், யார் அது என்று கேட்டார். எங்கள் அண்ணி என்றாள் நாத்தனார்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உப்பு போடாம வயித்த நிறைச்சவங்கள எது வரைக்கும்மா நினைக்கிறது?"

நாத்தனார் அவர் காலைப் போர்வைக்குள் எடுத்துவைத்துவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள். எழுதிக் கொடுத்தால்தான் நம்புவார்கள்: முப்பத்திரண்டில் மூன்றே மூன்று தட்டில்தான் மிச்சம் இருந்தது. அதில் ஒருவர் தூங்கிவிட்டிருந்தார்.

வண்டியைத் தாழ்வாரத்துக்குத் திருப்பியதும் அது கத்த ஆரம்பித்தது. தட்டோடு தட்டு, கிண்ணத்தோடு கிண்ணம், கடகடவென்று சுவரெல்லாம் எதிரொலித்தது. நாத்தனார் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் தள்ளினாள். கீழே சமையலறைவரை கேட்கவேண்டும் என்று தோன்றியது. கோடியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, நோயாளிகள் இருக்கிற இடத்தில் இது என்ன இவ்வளவு சத்தம் என்று திட்டினாள். பதினோரு வருடத்தில் அவள் வண்டியை யாரும் சத்தத்துக்காகத் திட்டியதில்லை.

"சத்தம் என்னோடது இல்ல சிஸ்டர்," என்றாள் நாத்தனார். "எங்க அண்ணியோடது."