எண்ணெய் சூடாகும் வரை

உம்மா இறந்து நாற்பத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தபோது, அன்ஃபால் கராஜுக்குள் போய் அண்ணனின் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

ஜனவரி மாதக் காலை. மூச்சு புகையாக வந்தது. அண்ணன் மிஷாரி தாய்மாமாவோடு பெரிய காரில் கல்லறைக்குப் போயிருந்தான். வர ஒரு மணி நேரமாவது ஆகும். எஞ்சின் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் ஊசி அடியிலேயே கிடந்தது. எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் பெரிய வட்டத்தில், நாலாயிரத்துக்கு மேல் ஆரஞ்சு விளக்குகள் வரிசையாக எரிந்தன. எண்ணெய் இன்னும் குளிர்ந்திருக்கிறது, இந்தக் கோட்டைத் தாண்டாதே என்று அர்த்தம். சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். எல்லாம் அணையும் வரை மிஷாரி மூவாயிரத்தைத் தாண்டவே மாட்டான்.

அன்ஃபால் மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினாள்.

சுற்று ஊசி எட்டாயிரத்துக்குப் பாய்ந்தது. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. பத்து எண்ணிவிட்டுக் காலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். நேற்று எட்டு முறை. இன்று பன்னிரண்டு.

என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ரசாயனம் படித்தவள். குளிர்ந்த எண்ணெய் பேரீச்சம்பாகு மாதிரி. எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய பேரிங் இடுக்குகளுக்குள் அது உடனே போய்ச் சேராது. அதற்குள் முறுக்கினால் உலோகம் உலோகத்தைத் தின்னும். இந்தக் காரின் பராமரிப்பு நோட்டு முழுக்க அவள் கையெழுத்துதான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய். காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால் வருடம் ஒரு முறை பிரேக் திரவம். வெயிலில் வெடிக்கும் டயர்கள். அறுபதாயிரத்தில் பேரிங். அதை நவம்பரில்தான் மாற்றினார்கள்.

பன்னிரண்டாவது முறை காலை எடுத்தபோது, உறுமலுக்கு அடியில் சின்னதாக ஒரு தட்டல் கேட்டது. நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அணைத்தாள்.

மாடிப்படியில் நூரிய்யா காலா நின்றிருந்தாள். உம்மாவின் தங்கை. தூக்கம் இல்லாத கண்கள்.

"மிஷாரி வந்துட்டானா?"

"இல்ல காலா. நான்தான். பேட்டரி இறங்கிடக் கூடாதேன்னு."

"என் கண்ணே. அவனுக்கு இப்ப அதையெல்லாம் பாக்க எங்க மனசிருக்கும்? நீயாவது அவன் பொருளப் பாத்துக்குறியே."

அன்ஃபால் கை கழுவப் போனாள்.

மதியத்துக்கு மேல் பெண்கள் வரத் தொடங்கினார்கள். மூன்றாவது நாள், கடைசி நாள். கூடத்தின் நான்கு சுவரையும் ஒட்டிக் கறுப்பு அபாயா அங்கி அணிந்த பெண்கள். கசப்புக் காப்பி சுற்றி வந்தது. அண்டை வீட்டுப் பெண் உம் பர்ராக் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னாள்.

"நாலாவது ரிங் ரோட்ல அம்பு மாதிரி போனானாம் மிஷாரி. மருமகன் சொன்னான். உங்க உம்மா வஸ்மியா குடுத்து வச்சவ. எந்தப் பிள்ளை இந்தக் காலத்துல இப்படித் தாயத் தூக்கிட்டுப் பறக்குது?"

"அந்தக் கார் மேல யாரும் கண்ணு போட்டுடக் கூடாது," என்றாள் இன்னொருத்தி.

"உங்க மருமகன் எங்க நின்னு பாத்தாராம்?" என்றாள் அன்ஃபால்.

உம் பர்ராக் காப்பியை உறிஞ்சினாள். "அவன் பாக்கல மகளே. அவன் ஆபீஸ்ல யாரோ பாத்தாங்களாம்."

மூலையில் யாரோ கிசுகிசுத்தார்கள். "இவ ஏன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல?"

"படிச்ச பொண்ணு. உள்ளுக்குள்ள அழும்."

அன்ஃபால் தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு உம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய காரை டிரைவர் காய்கறிக்கு எடுத்துப் போயிருந்தான். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மிஷாரி உம்மாவைத் தூக்கி இந்த இரண்டு கதவுக் காரின் முன் இருக்கையில் சாய்த்தான். அன்ஃபால் பின்னால் உள்ள பொந்துக்குள் நுழைந்து, இரண்டு இருக்கைக்கும் நடுவில் கையை விட்டு உம்மாவின் தலையைத் தாங்கினாள். அங்கிருந்து முகப்பு வட்டங்கள் எல்லாம் தெரிந்தன. ஆறு வருடமாக அவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்துச் சொல்வது அவள் பழக்கம்.

அம்பாம். வழி முழுக்க ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தான். இடது பக்கம் வழி திறந்து கிடந்தது. ஆரஞ்சு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மூவாயிரத்தைத் தாண்டவில்லை. மருத்துவமனை வாசலில் உம்மாவின் தலை அவள் கைக்குள் கனத்தது. ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால், என்றார் டாக்டர். வாக்கியத்தை முடிக்கவில்லை.

நினைவு எப்போதும் அந்த லாரியின் பின்பக்கம் வரை வரும். அங்கே நின்றுவிடும். அவளும் அதைத் தள்ளிப் பார்ப்பதில்லை.

மூன்று நாளாக அத்தனை பேரும் அவனைப் புகழ்கிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அதையும் அடக்கம் என்கிறார்கள். எஞ்சினைக் காப்பாற்றினான் அல்லவா? அது அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் பக்கம் கூட்டம் கூடியது. கார்கள் நிறுத்த இடம் போதவில்லை. கராஜைக் காலி செய்ய மிஷாரி சாவியோடு வந்தான். அன்ஃபால் எழுந்து வாசல் கதவருகே போய் நின்றாள்.

கார் பின்பக்கமாக வெளியே வந்தது. சத்தமும் வந்தது. இப்போது நகம் இல்லை. வெறும் சட்டியைக் கரண்டியால் அடிப்பதுபோல் டக், டக், டக்.

"அணை! அணைச்சுத் தொலை!"

துக்கம் கேட்க வந்திருந்த வார்தான், காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தார். ஷுவைக் தொழிற்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். லெபனான்காரர். கோட்டு போட்டிருந்தும் விரல்களின் கறுப்பு போகவில்லை. எஞ்சின் மூடியைத் தூக்கி, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி, எண்ணெயைக் கட்டைவிரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். செம்பு நிறத்தில் பொடிகள் மின்னின.

"போச்சு. நவம்பர்லதானே மாத்தினேன்? இந்தக் கையால. ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடல. குளிர் எண்ணெயில இத முறுக்கினது எவன்?"

"தெரியல," என்றான் மிஷாரி.

"தெரியலையா? உன் குழந்தைய யாரோ கொன்னுருக்காங்க, தெரியலங்குற? ரேஸ் தடத்துக்குன்னு சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி மாட்டிக் குடுத்தேனே. ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணினதும் அதுல இருக்கும். என் லேப்டாப்ல சொருகினா மணி, சூடு, சுத்து எல்லாம் வந்துடும். இப்பவே எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்."

"ஹபீபி, இது யாரோ வேணும்னே..."

"வேண்டாம்னா விடுங்க வார்தான். வண்டிய இழுத்துட்டுப் போங்க. வித்துடுங்க. அந்தப் பெட்டிய மட்டும் கழட்டி என்கிட்ட குடுத்துடுங்க."

அதானே, என்று நினைத்தாள் அன்ஃபால். செவ்வாய்க்கிழமையும் அதற்குள்தானே இருக்கிறது. படியிறங்கி வெளியே வந்தாள். ஆண்கள் ஒதுங்கினார்கள். காலாவும் உம் பர்ராக்கும் பின்னாலேயே வந்தார்கள்.

"சொருகட்டும்," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும். முறுக்கினது நான்தான். நேத்தும், இன்னிக்கும்."

"என்ன உளர்ற மகளே?" காலா அவள் தோளைப் பிடித்தாள். "காலைல நீ பேட்டரின்னு..."

"செவ்வாய்க்கிழமையும் அதுல இருக்கும் காலா. பாருங்க. அம்பு மாதிரி பறந்தானாமே! தண்ணி லாரிக்குப் பின்னாடி ஊர்ந்தான். பக்கத்து வழி காலியா கெடந்துச்சு. உம்மா மூச்சுக்குத் திணறிட்டு இருந்தாங்க, இவன் மூவாயிரத்தத் தாண்டல. எஞ்சின் நோகக் கூடாதுன்னு."

வார்தான் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்தார். எல்லோரும் மிஷாரியைப் பார்த்தார்கள். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். மறுப்பான் என்று அவள் காத்திருந்தாள். மறுத்தால் சொல்ல இன்னும் நிறைய வைத்திருந்தாள்.

"ஆமா," என்றான் அவன். "தாண்டல."

பிறகு கிட்டத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, சின்ன வயதில் கூப்பிடும் பெயரால் கூப்பிட்டான்.

"நஃபூல். உள்ள போ. அதுல குரலும் பதிவாகும்."

அவள் அசையவில்லை. காலாவின் கை இன்னும் தோளில் இருந்தது.

"என்னடா சொன்ன அவகிட்ட?" என்றாள் காலா. "யாரு குரல்?"

"யாருதும் இல்ல காலா. உள்ள கூட்டிட்டுப் போங்க. களைச்சுப் போயிருக்கா."

அன்ஃபால் காரைப் பார்த்தாள். திறந்த மூடிக்கு அடியிலிருந்து சூடு எழுந்துகொண்டிருந்தது.

"என் குரல்தான்," என்றாள். "லாரியத் தாண்டப் போனான். எண்ணெய் ஊசி எவ்வளவுன்னு கேட்டான். அறுபது டிகிரிதான், இப்ப முறுக்காதேன்னு நான்தான் சொன்னேன்."