சும்மா இருந்ததற்கு ஆறு புள்ளி

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர் கழகங்கள் பதினொன்று இருந்தன. அவற்றில் பத்து இயங்கவில்லை. பதினோராவதான கோ கழகம் இயங்காதது மட்டுமல்ல, கோ என்றால் என்னவென்று அதன் தலைவருக்கே தெரியாது. தலைவர் நான். பெயர் கிளைவ், ஊர் டிக்கோயா, மின்னியல் இரண்டாம் வருடம்.

கழகம் தொடங்கியதன் நோக்கம் உயர்வானது. எங்களுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. ஹட்டன் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் ஒரு மணி நேரத்தில் பாசி பிடித்துவிடுவான். கழகம் இருந்தால் அறை உண்டு என்பது கல்லூரி விதி. சதுரங்கம், கரம், நாடகம் எல்லாவற்றையும் எங்களுக்கு முந்திய சோம்பேறிகள் எடுத்துவிட்டார்கள். என் நண்பன் ஜெரோமி தொலைபேசியில் உலக விளையாட்டுகளின் பட்டியலை எடுத்து, இருப்பதிலேயே சின்னப் பெயராகப் பார்த்து எழுதினான். படிவத்தில் அதற்கு விட்டிருந்த இடம் சின்னது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய களஞ்சிய அறை எங்களுக்குக் கிடைத்தது. அதில் ஒரு மேசை, ஒரு பிளக், முழுக் கம்பி வைஃபை. நானும் ஜெரோமியும் அங்கே கிரிக்கெட் பார்த்தோம். கழகத்தின் மூன்றாவது அங்கத்தவர் சுலக்ஷனா மட்டும் அந்த அறையை உண்மையாகவே பயன்படுத்தினாள். அவள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவள். அவள் வீடு இருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கம்பி வரும், மழை பெய்தால் அதுவும் கோயிலுக்குள் போய்விடும். அவள் கொழும்பில் ஓர் இணையவழிக் கணினிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. மூன்று வகுப்புத் தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள். இரண்டு ஏற்கெனவே தவறியிருந்தது.

இந்த நிலையில்தான் மாணவர் நலப் பொறுப்பாளர் முத்துலிங்கம் சேர் எங்களைக் கூப்பிட்டார்.

"அழகுக்கலைப் பிரிவுக்குத் தலை கழுவுற பேசின் வந்திருக்கு. பொருத்த இடம் இல்ல. உங்க ரூமைக் கேக்கிறாங்க" என்றார்.

"சேர், நாங்க தீவிரமா விளையாடிக்கிட்டு இருக்கோம் சேர்" என்றான் ஜெரோமி. அவன் முகத்தை வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ராகலையில இருந்து ஒரு கோ கழகம் சிநேகபூர்வப் போட்டிக்குக் கேட்டு எழுதியிருக்கு. வாற சனிக்கிழமை மூணு மணிக்கு வரச் சொல்லிட்டேன். மூணு ஆட்டத்துல ஒண்ணாவது ஜெயிச்சா ரூம் உங்களுக்கு. இல்லன்னா அங்கேயே சாவியைக் குடுத்திருங்க. பைப் வேலைக்காரர் பேசினோட வந்து நிப்பாரு."

வெளியே வந்ததும் சுலக்ஷனா எங்கள் இருவரையும் பார்த்தாள். "அன்னைக்கு அஞ்சு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்குடா. ரூம் போனா என் பேரும் போயிரும்."

"ஏழு நாள் இருக்கு" என்றேன்.

"உங்களுக்கு விதி தெரியுமா?"

"ஆறு நாள் இருக்குன்னு வச்சுக்க" என்றான் ஜெரோமி.

காட்போட் மட்டையில் குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது கோடு போட்டோம். பெரியவர்கள் பத்தொன்பது கோட்டில் ஆடுவார்களாம். எங்கள் தகுதிக்கு ஒன்பதே அதிகம். வெள்ளைக் கல்லுக்குத் தையல்கடைப் பொத்தான். கறுப்புக்குத் தேயிலை விதை. விதை உருண்டை, அறையின் தரையோ சரிவு. முதல் ஆட்டத்தில் என் படை முழுவதும் கதவிடுக்கு வழியாகத் தப்பியோடியது. ஜெரோமி இரண்டு நாள் குந்தியிருந்து ஒவ்வொரு விதையையும் சீமெந்துத் தரையில் தேய்த்து அடியைத் தட்டையாக்கினான். கழக வரலாற்றில் நடந்த முதல் உருப்படியான வேலை அது.

விதிகள் கேவலமான அளவுக்குச் சுலபம். கல்லைக் கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும். (இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போனது.) ஒரு கல்லுக்கு நாலு பக்கமும் மூச்சு. நாலையும் எதிரி அடைத்தால் கல்லைத் தூக்கிவிடலாம். கடைசியில் யார் அதிக வெற்றிடத்தை வளைத்து வைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி. அவ்வளவுதான். இந்தச் சுலபமான விதிகளை வைத்துக்கொண்டு தொலைபேசிச் செயலியில் விளையாடினேன். சின்னப்பிள்ளைகளுக்கான முதல் படியில் ஒரு தவளைப் படம் இருக்கும், அதோடுதான் ஆட வேண்டும். அந்தத் தவளை என்னைப் பதினாலு தடவை தோற்கடித்தது. ஒவ்வொரு தடவையும் கைதட்டி, "நன்றாக முயன்றாய்" என்றது.

ஆனால் மூன்றாம் நாள் எங்களுக்கு ஏதோ பிடித்துவிட்டது. டிக்கோயா பஸ்ஸில் கண்டக்டரைச் சுற்றி நாலு பேர் நெருக்கி நின்றபோது ஜெரோமி, "மூச்சு முடிஞ்சது, தூக்குடா!" என்று கத்தினான். கண்டக்டர் எங்கள் இருவரையும் தூக்கி அடுத்த பஸ் ஹோல்டில் இறக்கி வைத்தார். பூசையில் பாதரைச் சுற்றிப் பீடச்சிறுவர்கள் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்கு வியர்த்தது. பாதர் ஓர் அடி பின்னால் வைத்துத் தப்பினார். எங்கள் அம்மா பரிமாறிய தட்டில் பருப்பை வைத்துச் சோற்றை வளைத்தேன். அம்மா அகப்பையைக் காட்டினார். எனக்கு மூச்சு ஒன்றுதான் மீதி இருந்தது.

சுலக்ஷனா எங்களைவிடக் கூர்மை. நாங்கள் ஒரு கல்லைப் பார்த்தால் அவள் ஐந்து கல்லைப் பார்ப்பாள். ஆனாலும் தொடர்ந்து தோற்றாள். காரணம் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இருந்தது. வளைக்க வேண்டியதையெல்லாம் அழகாக வளைத்துவிட்டு, பிறகு தன் இடத்துக்குள்ளேயே கல்லை வைத்துக்கொண்டே போவாள்.

"ஏன்டி உன் வீட்டை நீயே அடைக்கிற?" என்று கேட்டேன்.

"இடம் வெறுமனே கிடக்குதேடா."

"வெறுமனே கிடந்தாத்தான் புள்ளி. ரெண்டு பேரும் அடுத்தடுத்து 'போதும்'னு சொன்னா ஆட்டம் முடிஞ்சது. சொல்லிட்டுச் சும்மா இரேன்."

"அதுதான் முடியல." அவள் விரல்கள் பொத்தான்களைத் துழாவிக்கொண்டே இருந்தன. "லீவு நாள்ல அம்மாவோட கொழுந்து எடுக்கப் போவேன். நிரையில ஒரு செடி விட்டுட்டு இறங்கினா கங்காணி அத்தனை பேருக்கு முன்னால கூப்பிட்டுத் திருப்பி மேல அனுப்புவாரு. மலை முடியாம 'போதும்'னு எங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. வாயில வர மாட்டேங்குது."

அதன் பிறகு நானும் ஜெரோமியும் அவளுக்குப் போதும் சொல்லப் பயிற்சி கொடுத்தோம். சோறு போடும்போது, டீ ஊற்றும்போது, நாங்கள் பகிடி விட்டுச் சிரிக்கும்போது. கடைசியானதில் மட்டும் அவள் வேகமாகத் தேறினாள்.

சனிக்கிழமை மூன்று மணி. ராகலையிலிருந்து மூன்று பையன்கள் மழையில் நனைந்து வந்தார்கள். அவர்களின் கழகத்துக்கு வயது ஒரு மாதம், அதாவது ஆட்டத்தில் எங்களுக்கு மூத்தவர்கள். தலைவன் துஷாந்த் என்பவன். தோள் அகலம், வாய் அதைவிட அகலம். பைப் வேலைக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு, பேசினை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்துலிங்கம் சேர் நடுவர். அவருக்கு விதிகளை அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தோம். அவர் அதைச் சுற்றறிக்கை மாதிரிச் சிவப்புப் பேனாவால் கோடிட்டுப் படித்தார்.

"கறுப்பு முதல்ல வைக்கிறதால வெள்ளைக்கு ஆறரைப் புள்ளி சும்மா குடுக்கணும்னு போட்டிருக்கு. அது என்ன அரை?"

"சமனா முடியாம இருக்கிறதுக்கு, சேர்" என்றாள் சுலக்ஷனா.

"தோட்டத்துல அரைப்பேர் போடுற மாதிரிதான் சேர்" என்றான் துஷாந்த். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் மட்டும் பதிவதை அப்படிச் சொல்வார்கள். "எங்கம்மாவுக்கு ஒரு நாளும் அரைப்பேர் விழுந்ததில்ல. எனக்கும் விழாது."

ஜெரோமி பன்னிரண்டு நிமிடத்தில் தோற்றான். அதில் நாலு நிமிடம் கைகுலுக்கியது. நான் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். என் எதிராளி இறுதியில், "நன்றாக முயன்றாய்" என்று தவளையின் அதே குரலில் சொன்னான். வென்ற இருவரும் பணிஸ் சாப்பிடக் கன்டீனுக்குப் போனார்கள்.

மிஞ்சியது சுலக்ஷனா. எதிரில் துஷாந்த். அவனுக்குக் கறுப்பு.

நாலரை மணிக்குப் பலகையில் எல்லா எல்லைகளும் மூடிவிட்டன. நான் மனதுக்குள் எண்ணினேன். துஷாந்துக்கு இருபது வெற்றிடம். சுலக்ஷனாவுக்கு எட்டு, சும்மா கிடைத்த ஆறரையோடு பதினாலரை. ஐந்தரைப் புள்ளி குறைவு. தாக்க இடமில்லை. எங்கே வைத்தாலும் அவளுக்குத்தான் நட்டம். பைப் வேலைக்காரர் விளையாட்டு தெரியாமலே முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பேசினை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினார்.

சுலக்ஷனா கையை மேசையிலிருந்து எடுத்தாள். இரண்டு கைகளையும் கட்டி, கக்கத்துக்குள் செருகிக்கொண்டாள்.

"போதும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. துஷாந்தும் ஒரு 'போதும்' சொன்னால் எல்லாம் முடிந்தது. அவனும் வாயைத் திறந்தான். பிறகு பலகையைப் பார்த்தான். அவனுடைய இருபது இடமும் வெறுமனே கிடந்தன. கிண்ணத்தில் தேயிலை விதை நிறைய மீதி இருந்தது. அவன் விரல்கள் கிண்ணத்தைத் துழாவின.

அவன் ஒரு விதையை எடுத்துத் தன் இடத்துக்குள் வைத்தான்.

இருபது பத்தொன்பதானது.

"போதும்" என்றாள் சுலக்ஷனா.

துஷாந்த் உற்சாகமானான். எதிராளி ஓய்ந்துவிட்டாள், தான் மட்டும் வேலை செய்கிறோம் என்ற பெருமிதம் அவன் முகத்தில். இன்னொரு விதை. பதினெட்டு. "போதும்." இன்னொன்று. பதினேழு. "போதும்." ஜெரோமிக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க அவன் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் தவளையை நினைத்து என்னைக் கட்டுப்படுத்தினேன். ஆட்டத்தின்போது யாரும் பேசக் கூடாது என்று சேர் ஆரம்பத்திலேயே உத்தரவு போட்டிருந்தார். பதினாறு. சுலக்ஷனாவின் கக்கத்துக்குள் விரல்கள் துடிப்பது எனக்குத் தெரிந்தது. பொத்தானை எடுத்துவிடுவாளோ என்று பயந்தேன். எடுக்கவில்லை. "போதும்." பதினைந்து. "போதும்."

துஷாந்த் சட்டைக் கையை மடித்துவிட்டு, மூலையில் விடுபட்டிருந்த ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து ஆறாவது விதையை வைத்தான். பதினாலு.

"போதும்."

அப்போதுதான் அவனுடைய கூட்டாளி பணிஸோடு உள்ளே வந்தான். "டேய் பாவி! உன் வீட்டுக்குள்ளயே என்னடா நடுற? நிப்பாட்டுடா!"

துஷாந்த் ஏழாவது விதையோடு உறைந்தான். "போ... போதும்" என்றான்.

சேர் சிவப்புப் பேனாவால் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். "கறுப்பு பதினாலு. வெள்ளை எட்டு, கூட ஆறரை... பதினாலரை. வெள்ளைக்கு வெற்றி. அரைப் புள்ளி வித்தியாசம்."

ஜெரோமி தொப்பியைத் துப்பிவிட்டு அலறினான். நான் பைப் வேலைக்காரரைக் கட்டிப்பிடித்தேன். இடையில் பேசின் இருந்தது.

"இது என்ன நியாயம் சேர்?" துஷாந்த் எழுந்துவிட்டான். "கடைசி வரைக்கும் வேலை செஞ்சது நான்! இவங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. சும்மா இருந்ததுக்கு உலகத்துல யாராச்சும் புள்ளி குடுப்பாங்களா?"

"இருபத்தெட்டு வருசமா எனக்குக் குடுக்கிறாங்க, தம்பி" என்றார் சேர்.

துஷாந்த் சுலக்ஷனாவைப் பார்த்தான். "நான் உள்ள வைப்பேன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. எனக்கு வேற வழி இல்ல. உங்கம்மாவும் கொழுந்து எடுக்கிறவங்கதானே? வெறும் இடத்தைப் பார்த்தா உங்களுக்கும் கை நிக்காதுன்னு நம்பினேன்" என்றாள் அவள். "என் கையை நிப்பாட்டவே எனக்கு ஆறு நாள் ஆச்சு."

துஷாந்த் பலகையைத் தன் பக்கம் இழுத்தான். "இன்னொரு ஆட்டம் போடலாம், உக்காருங்க."

"தம்பி, நீ எந்திரி. நான் ஒருக்கா வச்சுப் பார்க்கிறேன்" என்றார் சேர், நாற்காலியை இழுத்தபடி.

சுலக்ஷனா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்தாறு. வாழ்த்து, கைகுலுக்கல், சேரின் உரை எதற்கும் அவள் நிற்கவில்லை. பலகையை ஜெரோமி கையில் திணித்தாள். கிண்ணங்களை என்னிடம் தந்தாள். ராகலைக் கழகத்தைப் பணிஸோடும், பைப் வேலைக்காரரைப் பேசினோடும், முத்துலிங்கம் சேரை அவருடைய நாற்காலியோடும் வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.

நாங்கள் எல்லோரும் மாடிப்படி விளிம்பில் சாரலில் வரிசையாக நின்றோம். சேர் மட்டும் நாற்காலியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கொழும்பிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தது. பாதிப் பெயர்களுக்குப் பதில் இல்லை.

"சுலக்ஷனா?"

"இருக்கேன், மிஸ்."