வெளிச்சத்துக்கு முந்தைய நாள்

வாஷ்பேசின் அடைத்துக்கொண்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. மாமா குனிந்து அதன் அடியிலிருந்த குழாயைக் கழற்றினார். மெல்லாமலே விழுங்கட்டும் என்று பார்த்துப் பார்த்து மசித்துக் கொடுத்த கேரட்டும் முட்டையும் அப்படியே பிதுங்கி வந்தன. கையைக்கூடக் கழுவாமல் மைத்துனிக்குப் போன் செய்தார்.

"உங்கக்கா சாப்பிடவே இல்லம்மா. நான் உள்ள வச்சுட்டு வர்றதையெல்லாம் கரைச்சுக் குழாய்ல விட்டிருக்கா. நாளைக்குக் காலைல லைட் வைக்கணும். கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. நீ கொஞ்சம் வாயேன்."

முப்பத்தைந்து வயதாகியும் அந்த வீட்டில் அவள் குட்டிதான். ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பை அணைத்துவிட்டு, கோட்டைக் கழற்றிப் போட்டபடி ஓடிவந்தாள்.

அக்காவுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த ரயில் எந்த பிளாட்பாரம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவளுடையது. நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு புண் வந்தது, ஆறவில்லை, புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தால் பேச்சு குழறலாம். ஆரம்ப நிலை என்பதால் டாக்டரம்மா ஒளி சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது உடம்பெங்கும் பரவிப் புண்ணிலும் தங்கும். சில நாள் கழித்துப் புண்ணின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் மருந்து விழித்துக்கொண்டு அங்கிருக்கும் செல்களைக் கொல்லும். அதுவரையும் அதன் பிறகு சில வாரமும் வெயில் உடம்பில் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் படுக்கையறை ஜன்னலில் இரட்டைத் திரை, மூலையில் ஒரு மங்கல் விளக்கு.

அந்த விளக்கடியில் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ற?"

"ஆட்டோஃபேஜின்னு பேருடி. உனக்குத் தெரியாததா? பட்டினி போட்டா செல்லு தன்கிட்ட இருக்கற குப்பையைத் தானே தின்னு சுத்தமாயிடுமாம். வீடியோல ஒருத்தர் புட்டுப்புட்டு வைக்கிறார். பசியிலயே புத்து பாதி சாகட்டும். மிச்சத்த லைட்டு பாத்துக்கும்."

குட்டியின் ஆராய்ச்சியே அதில்தான். கண்ணாடித் தட்டுகளில் புற்றுச் செல்களை வளர்த்து, மருந்து கொடுத்து, ஒளி பாய்ச்சிப் பார்ப்பது. அடிபட்டு நொறுங்கிய செல்கள் தங்கள் உடைந்த பாகங்களைத் தாங்களே தின்று எழுந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அந்தத் தின்னலைத் தடுத்த தட்டுகளில் சாவு அதிகம். ஆனால் வேறு வகைச் செல்களில் கதை தலைகீழ்; தின்று தின்றே செத்தன.

"அக்கா, லைட் பட்டதும் செல்லு உள்ளுக்குள்ள நொறுங்கும். நொறுங்கினதைத் தின்னுட்டுச் சிலது பொழைச்சுக்கும். நீ பட்டினி கெடந்தா அந்த வேலைய முன்கூட்டியே ஆரம்பிச்சு வச்சிடலாம். அடி விழறதுக்கு முன்னாடியே அதுக்குக் கவசம் மாட்டிவிட்ட மாதிரி."

"உறுதியா தெரியுமா?"

"தட்டுல பாத்திருக்கேன். மனுஷங்ககிட்ட பாத்ததில்ல."

"தெரியாதத வச்சுட்டு என் தைரியத்தக் கெடுக்க வந்தியா?" அக்கா எழுந்து போய்த் திரையைப் பிடித்தாள். வெளியே உச்சி வெயில். "எல்லாரும் சேந்து என்னைப் பொம்மையாட்டம் இங்க உக்கார வச்சிருக்கீங்க. வெளிய போ. இல்ல, இதத் தொறந்துடுவேன்."

வாசலில் நின்ற மாமா ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். பாய்ந்து பிடித்தால் அந்த இழுப்பிலேயே திரை விலகிவிடும். குட்டி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சரிக்கா, போறேன். கைய மட்டும் எடுத்துடு."

அக்காவின் கை நடுங்கியது. கோபம் என்றுதான் குட்டி நினைத்தாள். அடுத்த நொடி முழங்கால் மடிந்து, திரையைப் பிடித்தபடியே சரிந்தாள் அக்கா. மேலே வளையங்கள் பட்பட்டென்று கழன்றன. கத்தி மாதிரி ஒரு வெயில் கீற்று அவள் முழங்கையில் விழுந்தது.

குட்டி அக்காவின் மேல் அப்படியே கவிழ்ந்தாள். மாமா ஓடிப்போய் ஜன்னலோடு முதுகை ஒட்டி, திரையை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திக்கொண்டார்.

"மூடியாச்சா மாமா?"

"மூடியாச்சு. அவளப் பாரு!"

குட்டி கம்பளியைச் சுற்றி அவளைக் கட்டிலில் ஏற்றினாள். அக்கா கண் விழித்ததும், சர்க்கரை கரைத்த பாலை உதட்டருகே கொண்டுபோனாள் குட்டி. அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். குட்டி போன் போட்டு நடந்ததைச் சொல்ல, டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உங்க தட்டு சொல்றத வச்சு நான் எதையும் மாத்தமாட்டேன்மா. ஆனா மயங்கி விழற ஆளுக்கு லைட் வைக்கவும் மாட்டேன். இன்னைக்கே ஒழுங்கா சாப்பிட ஆரம்பிக்கணும். நாளைக்கு விட்டுப்போச்சுன்னா மருந்தோட வேகம் கொறைஞ்சிடும். மறுபடி ஊசி, மறுபடி இருட்டு."

ஸ்பீக்கரில் வந்ததால் அக்காவுக்கும் கேட்டது. பிறகு கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பயமா இருக்குடி. ஊசி அவங்க போட்டாங்க, லைட் அவங்க வைப்பாங்க, சோறு இவரு ஆக்கறாரு. என் கையில என்ன இருக்கு? பட்டினி ஒண்ணுதான் இருந்துச்சு."

குட்டி டம்ளரை மறுபடி நீட்டினாள். "இதையும் நீயேதான்க்கா குடிக்கணும். உனக்காக நான் முழுங்க முடியாது."

அக்கா டம்ளரை வாங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளித்தது. பாதியில் நிறுத்தி, ஜன்னலில் பல்லியாட்டம் ஒட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"அங்கயே இருக்கப் போறீங்களா? முட்டைய யாரு மசிப்பா?"

"திரைக்கு ஆணி அடிக்காம நான் நகரமாட்டேன்," என்றார் மாமா.

மறுநாள் ஒளி வைத்தார்கள். முழங்கையில் வெயில் பட்ட இடம் கொப்பளித்தது. நாக்கு வீங்கி, சில வாரம் அக்கா ஸ்லேட்டில் எழுதித்தான் சண்டை போட்டாள். வீக்கம் வடிந்தது. சில மாதங்களுக்குப் பிறகு அந்த இடத்தில் துளி சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள், புற்று இல்லை. இருந்தாலும் விடாமல் வந்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நின்றாள்.

"அன்னைக்கு நான் சாப்பிடாமயே போயிருந்தா?"

பொய் சொல்லத் தோன்றியது குட்டிக்கு. "தெரியாதுக்கா. நெஜமாவே தெரியாது."

"இத்தன வருஷம் படிச்சுட்டு இதத்தான் சொல்ற," என்று சிரித்தாள் அக்கா. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். சிரித்தாலும் அக்காவின் விரல்கள் பயத்தில் சில்லென்றிருந்தன.