காலையில் மட்டும் வழுக்கும் கார்

அந்தக் கார் காலையில் மட்டும் வழுக்கியது. மாலையில் அதே சாலையில், அதே வளைவில், அதே வேகத்தில் நான் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அண்ணி ஆறு மணி ஷிப்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்போதுதான், ஆஸ்பத்திரிக்கு முந்தைய ரவுண்டானாவில் ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டதும் பின்பக்கம் வெளியே ஓடப் பார்த்தது. மூன்று வாரத்தில் நான்கு முறை ஆகிவிட்டது.

பதினாறு வருடமாக டயர் கடை நடத்துகிறேன். அந்தக் காரில் இருந்த நான்கு டயரும் நான் பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டியவை. எனக்கே விளங்கவில்லை.

கார் அண்ணனுடையது. இரண்டே இருக்கை, எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம். அண்ணன் இரத்தத்தில் வந்த நோயால் இறந்து எட்டு மாதம் ஆகிறது. நின்றே கிடந்த காரின் பழைய டயர்கள் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தன. அண்ணி அதை ஓட்டப்போவதாகச் சொன்னதும் கடையில் வரவழைக்க முடிந்ததிலேயே உயர்ந்ததை வாங்கினேன். பந்தயத் தடத்திலும் சாலையிலும் ஓடக்கூடிய வகை. பின்னால் மட்டும் தயாரிப்பாளர் சொன்னதைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலம் கூட்டினேன்.

பின்டயருக்கு இரண்டு வேலை. காரை முன்னே தள்ள வேண்டும். வளைவில் பக்கவாட்டில் நழுவாமலும் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே பிடிமானம்தான். ஒரே போர்வையில் இரண்டு பேர் படுத்திருப்பது போல: ஒருவன் இழுத்தால் மற்றவன் கால் வெளியே வந்துவிடும். போர்வையே சின்னதாக இருந்தால் மெல்ல இழுத்தாலும் போதும். இங்கே போர்வை காலையில் சுருங்கி, மாலையில் விரிந்தது. ஏன்?

கடையில் என்னோடு வேலை செய்பவனை மீட்டர் என்போம். எதையும் அளக்காமல் நம்ப மாட்டான். காற்றை அளந்தான், சக்கரக் கோணங்களை அளந்தான், டயர் செய்த தேதியைப் பார்த்தான். எல்லாம் சரி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் கடைசியில். "அண்ணிக்கு அந்த வண்டி கொஞ்சம் அதிகம்ண்ணே."

அண்ணி அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "கூடம் கோணலான்னு நீங்கதான் அளந்து சொல்லணும், மீட்டர் சார். சரியா அளந்தீங்களா?"

மீட்டர் ஸ்பானரைத் தேடுவது போலக் காரின் அடியில் குனிந்துகொண்டான்.

அண்ணி சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, அத்தைகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இன்னொரு தடவை வழுக்கினா வித்துடணும்னு. 'ஒரு உயிர் போனது போதும்டி'ன்னு அழறாங்க. மகனைப் பறிகுடுத்தவங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது."

"வேற கார் பாத்துத் தரேன் அண்ணி. சின்னதா, பத்திரமா."

"வேற கார் வேணாம். வீட்ல அத்தை இருக்காங்க. அவங்க முன்னாடி நான் அழ முடியாது. வார்டுக்குப் போனா நோயாளிங்க. நடுவுல பன்னண்டு நிமிஷம், உங்க அண்ணன் சீட்ல. அது மட்டும்தான் எனக்குன்னு இருக்கு."

வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பன்னிரண்டு நிமிடம் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அப்படி அறுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. காரைச் சோதிக்க நான் எடுத்தபோதெல்லாம் மாலை வெயில். கடையிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போய், அங்கிருந்து அந்த ரவுண்டானாவுக்கு வர நாற்பது நிமிடம்.

மறுநாள் காலை கூடவே போனேன். ரவுண்டானாவுக்கு நூறு அடி முன்னால் நிறுத்தச் சொன்னேன். மூச்சுவிட்டால் புகையாக வரும் குளிர். இறங்கிப் பின்டயரில் கை வைத்தேன். கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தினேன்; தடமே விழவில்லை.

அண்ணியை ஆஸ்பத்திரியில் விட்டேன், வளைவில் ஊர்ந்தே போய். பிறகு காரை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி கை வைத்தேன். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. நகம் பதிந்தது.

ரப்பர் சாலையைப் பிடிப்பது அதன் இளக்கத்தால். சாலையில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் அது பிதுங்கி இறங்க வேண்டும். பந்தய வகை ரப்பர் சூடு ஏறினால்தான் இளகும், அதுவரை மரக்கட்டை. அகலம் கூட்டியதும் உதவவில்லை. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதன் மேலுள்ள பாரமும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். அகல டயரில் அந்தப் பரப்பு குட்டையாகி அகலமாகிறது, அவ்வளவே. சாலை ஈரமாக இருந்தால் அகல டயர் தண்ணீரை ஒதுக்கவும் திணறும்.

இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் முதலில், "எங்க ஓட்டுவீங்க, எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டிருப்பேன். அண்ணியிடம் கேட்கவே இல்லை. அண்ணன் ஞாயிறுதோறும் பந்தயத் தடத்துக்குப் போவான். இந்த டயர் வேண்டும் என்று வருடக்கணக்காக ஆசைப்பட்டான். அவன் ஓட்டப்போவது போலவே நான் வாங்கி மாட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அண்ணியிடம் அதைச் சொன்னேன். குனிந்து பின்டயரை ஒருமுறை தடவினார்.

"அவர் பார்த்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். "கழட்டிடுங்க தம்பி."

மீட்டரும் நானும் நான்கையும் கழற்றி, வேறு நான்கை மாட்டினோம். அவன் அண்ணியிடம், "கூடம் கோணல்தான்மா. நான் வெயில்ல அளந்துட்டேன்" என்றான். "போனாப் போகுது, மீட்டர் சார்" என்றார் அண்ணி.

அடுத்த நாள் காலை தூறிக்கொண்டிருந்தது. நான் காரில் ஏறவில்லை. கடை வேனில் பின்னாலேயே போனேன். அண்ணி ரவுண்டானாவுக்குள் திரும்பி ஆக்சிலேட்டரைத் தொட்டார். பின்சக்கரங்கள் தண்ணீரைக் கீறி இரண்டு கோடு போட்டுக்கொண்டு முன்சக்கரங்களின் பின்னாலேயே வந்தன. அந்த வாரம் ஏழு நாளும் அப்படியே.

நான் மாட்டியது இவ்வளவுதான்: குளிரிலும் இளக்கம் குறையாத ரப்பர், தண்ணீர் ஓட ஆழமான பள்ளங்கள், தயாரிப்பாளர் சொன்ன அகலம், நான்கு சக்கரத்திலும் ஒரே வகை. காற்றைக் கார் இரவெல்லாம் நின்று ஆறிய பிறகு அளந்து, கதவோர அட்டையில் தயாரிப்பாளர் குறித்துள்ளபடி வைத்தேன்.