மோட்டார் போட்டுவிட்டு வந்து பார்த்த கோடு

கல்யாணத்துக்கு முன்னால் இருவருமே எச்.ஐ.வி. டெஸ்ட் பார்த்துக்கொள்வோம் என்றது மாரிக்கனிதான். சோழபுரத்து ஜெயபாண்டிக்கு அத்தை மகள், அவன் கட்டிக்கொள்ளப்போகிறவள், அதற்குமேல் போலீஸ்காரி. சொன்னால் சொன்னதுதான். ஆன்லைனில் வீட்டிலேயே பார்க்கிற டெஸ்ட் கிட் இரண்டு வரவழைத்து ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

விரலில் குத்தி ரத்தம் விட்டானோ இல்லையோ, பம்புசெட்டுக்கு நேரம் வைத்து விடுகிற மும்முனை கரண்ட் வந்துவிட்டது. தோப்புக்காரன் சும்மா இருப்பானா? மோட்டார் போட ஓடினான். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வெயிலேறத் திரும்பினால், கிட்டில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று, மங்கலாக. இரண்டு கோடு என்றால் தொற்று இருக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. போச்சு! போன வருஷம் திருவிழாவில் பச்சை குத்திய ஊசி நினைவுக்கு வந்தது. மறைக்க மனசு வரவில்லை. உடனே போன் போட்டான்.

"கனி, எனக்கு ரெண்டு கோடு வந்துருச்சு. கல்யாணத்த நிறுத்திரச் சொல்லு."

"கூறுகெட்டதனமாப் பேசாதீக அத்தான். எனக்கு ஒரு கோடுகூட இல்ல, அம்புட்டு சுத்தம். கெளம்புங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்துருவோம்."

ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில், தனித்தனியாக வேண்டாம், சேர்ந்தே பேசுகிறோம் என்றார்கள் இருவரும். ஆலோசகர் ஆனந்தவல்லி கேட்டார்: "ரத்தம் விட்டு எம்புட்டு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?"

"தண்ணி பாய்ச்சிட்டு வந்து மேடம்."

"சரியாப் போச்சு! இந்தக் கிட்டை இருபது நிமிஷத்துக்குள்ள பாத்துரணும். காஞ்ச பொறவு வர்ற கோட்ட நம்ப முடியாது. நேரத்துக்குப் பாத்து ரெண்டு கோடு வந்தாலும் இங்க வந்து உறுதி பண்ணித்தான் ஆகணும்."

மாரிக்கனி கொல்லென்று சிரித்தாள். "நான் நேரத்துக்குப் பாத்தேன் மேடம். ஒரு கோடும் வரல."

"ஒண்ணுமே வரலையா? வேல செய்ற கிட்டுல ஒரு கோடாவது வரணும்மா. உங்களுக்கு டெஸ்ட்டே ஆகல."

சிரிப்பு அப்படியே நின்றது. இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊரையே அதட்டுகிறவள் கையில் வைத்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்ததும் ஜெயபாண்டிக்குத் தன் பயம் மறந்துபோனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், எனக்கு இருந்துட்டா?"

"இருந்தா மாத்திர சாப்பிடு, நான் ஞாபகப்படுத்துதேன். குறிச்ச நாள்ல கல்யாணம் நடக்கும்."

"காலையில நிறுத்தச் சொன்னது யாரு?"

"அது எனக்கு இருக்குன்னு நெனச்சுச் சொன்னதுட்டி."

ஆனந்தவல்லி கூப்பிட்டார். இருவருக்குமே தொற்று இல்லை. ஜெயபாண்டி பச்சை குத்தியதைச் சொன்னதும், அதில் தொற்றியிருந்தால் வருஷத்துக்குள் டெஸ்டில் தெரிந்திருக்கும், அந்தச் சந்தேகமும் வேண்டாம் என்றார். மாரிக்கனி அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள்.

வாசலுக்கு வந்ததும் பழைய அதட்டல் திரும்பிவிட்டது. "தாலி கட்டுற நேரம் கரண்ட் வந்தா ஓடிர மாட்டீகளே?"

"இப்படியே பிடிச்சுக்கோ, எங்க ஓட?" என்றான் ஜெயபாண்டி.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் அவன் கையை விடவில்லை.