பக்கத்து வீட்டுக் கரண்டு

ஹாலில் புருஷன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, தேவகி பின்னறை ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பக்கத்து வீட்டு வயரை இழுத்துக்கொண்டிருந்தாள். சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அழுவதை நிறுத்திவிட்டு இதைத்தான் பார்த்தார்கள். மலேசியாவின் கோலா கெத்தில் ஊரில், வரிசை வீடுகள் ஒட்டி நிற்கும் தாமானில் இப்படியொன்று தினமுமா கிடைக்கிறது?

நடந்தது இதுதான். ஐஸ் பெட்டியைப் பிளக்கில் செருகியதும் வீட்டுக் கரண்டு ட்ரிப்பாகிவிட்டது. செத்தவரின் அண்ணன் காளிதாசன் நேரே பின்னறைக்குப் போய்க் கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். தம்பி பரஞ்சோதி மாரடைப்பில் விழுந்தபோதுகூட நிற்காத கணினி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று புற்றுநோய் ஆராய்ச்சிக் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, இஷ்டப்பட்டவர்களின் கணினிகளுக்கு அனுப்பும். பரஞ்சோதியின் கணினி தன் பங்கைப் போட்டுத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வருகிற மனுஷனுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

தாமானில் இதை நம்பியவர் எவருமில்லை. பிட்காயின் தோண்டுகிறார் என்றுதான் பேச்சு. காளிதாசனும் அந்தக் கட்சிதான். கணினியைப் 'பத்திரமாக' எடுத்துப் போக, தெருவில் நிறுத்தியிருந்த தன் காடியின் பின்கதவைக்கூடத் திறந்து வைத்துவிட்டார்.

கணினியில் பாதியில் நின்ற கணக்குத் துண்டு இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் செல்லாது. வீட்டுக் கரண்டு ஐஸ் பெட்டியையும் கணினியையும் சேர்த்துத் தாங்காது. அதனால்தான் இந்த வயர்.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா கரண்டு தர மறுக்கவில்லை. வயரை மட்டும் கையிலிருந்து விடாமல், வருஷக்கணக்காய் நெஞ்சை அரித்த கேள்வியை இந்த நேரம் பார்த்துக் கேட்டார்.

"அதுல ஏதாச்சும் கண்டுபுடிச்சா அது யாருக்கு தேவகி?"

"எல்லாரும் பாக்குற மாரி பொதுவுல போட்டுருவாங்கக்கா."

"எல்லாரும்னா? மருந்து கம்பெனிக்காரனுமா?"

"அவனுந்தான்."

"அவன் மருந்து செஞ்சு நம்மகிட்டயே விப்பான்."

"விப்பான்."

"அதுல ஒங்க வீட்டுக்காரரு பேரு?"

"இருக்காது."

பாப்பம்மா யோசித்தார். "அப்ப அந்த மனுஷன் ஏமாளி லா."

இதே வார்த்தையைத் தேவகி சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்தே பரஞ்சோதியிடம் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை சண்டை முற்றி, அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்கவைத்தாள். கணக்கைப் பூட்டி வைக்கமாட்டோம், அதிலிருந்து வரப்போகும் மருந்து யாருக்குச் சொந்தமாகும் என்று எங்களால் சொல்ல முடியாது, நன்றி என்று பதில் வந்தது. அந்த நன்றியை மட்டும் இரண்டு தரம் படித்துக் காட்டிச் சிரித்தார் பரஞ்சோதி. அவள் அன்று முழுக்கப் பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறியபாடில்லை.

"ஏமாளிதான்க்கா," என்றாள். "அனுப்புனா எவனாச்சும் எடுத்துக்குவான். அனுப்பலன்னா அவரு பாத்த வேல குப்ப. வயர விடுங்க."

பாப்பம்மா விட்டார்.

கணினி உறுமிக்கொண்டு எழுந்தது. சத்தம் கேட்டுக் காளிதாசன் வந்தார். பிணம் கிடக்கும் வீட்டில் இதெல்லாம் முறையா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஆரம்பித்தார். நாலு பேரும் அவர் பின்னால்தான் நின்றார்கள். தேவகி பின்னறை வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"முடியட்டும் மாமா. அப்புறம் நீங்களே தூக்கிட்டுப் போங்க. உள்ள காசு இல்ல."

காளிதாசன் அவள் முகத்தைப் பார்த்தார். போய்க் காடியின் கதவைச் சாத்தினார்.

பிறகு பரஞ்சோதியைத் தூக்கினார்கள். தேவகி தெருமுனை வரை போய்த் திரும்பினாள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் வீடு கழுவ வாளிகளோடு வந்தார்கள். ஹாலில் ஊற்றிய தண்ணீர் நடை வழியாகப் பின்னறையை நோக்கி வந்தது. ஒரு வயர் எட்டாமல் இரண்டாவதை இணைத்திருந்தாள். அந்த இணைப்பு பின்னறைக் கதவோரம் தரையில் கிடந்தது.

அணைத்துவிடச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் சாயங்காலத்துக்குள் முடியாது. தேவகி வாடகை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, இணைப்பை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள்.

"நீங்க ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினார்கள். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. ஈரத்தில் நாற்காலி லேசாக வழுக்கியது. பாப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எவ்ளோ இருக்கு?"

தேவகி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். "கொஞ்சந்தான்க்கா."