வாசல் தாண்டாதவள்

கமலாசனி அறைக்குள் இருந்து பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கேற்றடியில் மஹ்றூப் நானாவின் குரல் கேட்டது. அவளுடைய புருசன் சிவராசாவுக்குக் கார் விற்றவர் அவர்தான். வவுனியாவிலிருந்து முரசுமோட்டை வரை தேடி வந்திருந்தார்.

சண்டை நின்று பாதை திறந்த நாளிலிருந்து சிவராசா அந்தக் காரில்தான் வாடகைக்கு ஹயர் ஓடினார். ஊரில் எல்லாரையும் போல, காரைத் தன் பெயருக்குப் பிறகு மாற்றலாம் என்றே காலத்தைக் கடத்தினார். போன கிழமை மாங்குளத்தடியில் லொறியோடு மோதிச் செத்தும் போனார்.

"காரும் இன்சூரன்சும் இன்னும் என்ட பேர்லதான் கிடக்கு. தங்கச்சியக் கூப்பிடுங்க. அவட பேருக்கு எழுதணும்" என்றார் மஹ்றூப்.

"செத்த துடக்கு வீடு, நானா. முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் பொம்பிளை வாசல் தாண்டப்படாது" என்றார் கமலாசனியின் தமையன் தில்லைநாதன். "என்ர பேருக்கு எழுதுங்கோ. பிறகு நான் அவளுக்கு மாத்திக் குடுக்கிறன்."

கமலாசனி சோற்றுக் கையோடு எழும்பினாள். தமையன் பெண்சாதி நேசமலர் அவளுடைய தோளைப் பிடித்து அமத்தினாள்.

"இருங்கோ மச்சாள். புருசன் செத்த ஈரம் காயேல்லை, அதுக்குள்ள கேற்றடிக்கு ஓடினால் சனம் காறித் துப்பும்."

கூடப்பிறந்தவர்தானே என்று கமலாசனி இருந்துவிட்டாள். மஹ்றூப் தில்லைநாதனின் பெயருக்கே எழுதிக் கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அந்தக் கார் புதுப் பெயின்ற்றோடு வந்து முற்றத்தில் நின்றது. இன்சூரன்ஸ் காசில் திருத்தியிருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது கமலாசனி தமையனுக்குக் கிட்டப் போனாள்.

"அண்ணை, காருக்கு ஒரு றைவரைப் பிடிச்சு ஹயருக்கு விடுவம். பிள்ளையளுக்கு வேறை வழியில்லை."

"ஆரின்ர காரை?" தில்லைநாதன் பாயாசத்தை உறிஞ்சியபடி கேட்டார். "என்ர பேரில கிடக்கிறது என்ர கார். செத்தவீட்டுச் செலவை உன்ர மனுசன்ர ஆக்களே வந்து பாத்தவை?"

"தாலி அறுத்தவைக்குக் கார் ஒண்டுதான் குறை" என்றாள் நேசமலர். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்கள்.

அடுத்த நாள் கமலாசனி பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனாள். மஹ்றூப் தலையில் கை வைத்தார்.

"கந்தோர்ல பதிவெல்லாம் முடிஞ்சுது, தங்கச்சி. இனி என்னால ஒண்டும் ஏலாது. நான் உங்கட வாசலுக்கே வந்தனான். நீங்க உள்ளுக்கிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தா, நான் பேனையத் தொட்டிருக்க மாட்டன்."

அதன் பிறகு அவள் கூலிக்கு நாற்று நடப் போனாள். வயல் வரம்பில் நிற்கும்போது அந்தக் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். ஒரு நாளும் நின்றதில்லை.

மாரி தொடங்க, பக்கத்து ஒழுங்கை விமலேஸ்வரியின் புருசன் காய்ச்சலில் செத்தான். எட்டாம் நாள் சிலவு கழியமுதலே அவனுடைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினைக் கேட்டு மைத்துனன் முற்றத்தில் வந்து நின்றான். விமலேஸ்வரி அறைக்குள் முடங்கிக் கிடந்தாள். கமலாசனி வயல் சேற்றுக் காலோடு நேரே உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். பெண்கள் "விசரி, விசரி" என்று கத்தினார்கள்.

"கத்துறவை கத்தட்டும், எழும்பு!" என்றாள் கமலாசனி. "வாசல் தாண்டினால் ஊர் ஒரு கிழமை ஏசும். தாண்டாட்டி உன்ர பிள்ளையள் காலம் முழுக்கப் பட்டினி கிடக்கும். புருசனுக்காக வீட்டுக்குள்ள இருந்து அழு, வேண்டாமெண்டேல்லை. ஆனால் அவன்ர உழைப்பை உன்ர பேருக்கு மாத்த நீதான் போகோணும். கூடப்பிறந்தவனையும் அனுப்பாதை!"